சுக்கான் என்று சொன்னேன்

மண்ணுக்குள் விளக்கு அடித்துப் பார்ப்பதுதான் என் வேலை என்று சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். "பட்டப்பகல்ல விளக்கு அடிச்சுப் பாக்கதுக்குச் சம்பளமும் குடுக்கானுவளா?" என்று என் அத்தானே கேட்டிருக்கிறார். அத்தான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவருக்கு நான் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. எனக்கு மூக்கு நுனியில் கோபம். "பிச்சிப்பூவ ஏத்தி எறக்குததுக்குக் குடுக்கும்போது இதுக்குக் குடுக்க மாட்டானா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவேன்.

ஆனால் விஷயம் அவர் சொன்னதுதான். மண்ணில் பெட்ரோல், டீசல் கசிந்திருக்கிறதா, எவ்வளவு தூரம் போயிருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று கண்டுபிடிக்கிற கம்பெனியில் இருக்கிறேன். சென்னையில் ஆபீஸ். லாரி மேல் ஒரு எந்திரம் நிற்கும். அது இரும்புக் குழாயைத் துண்டு துண்டாகப் பூட்டி மண்ணுக்குள் அழுத்திக்கொண்டே போகும். குழாயின் முனைக்குப் பக்கத்தில் சட்டைப் பொத்தான் அகலத்துக்கு ஒரு கண்ணாடி ஜன்னல். அதற்குள்ளிருந்து ஊதா வெளிச்சம் மண் மேல் விழும். கடைகளில் கள்ள நோட்டா என்று பார்க்க ஊதா விளக்கில் காட்டுவார்களே, அந்த மாதிரிதான். டீசல் இருந்தால் மண் பதிலுக்கு மினுங்கும். அந்த மினுக்கத்தை சென்சார் வாங்கி, நாலு நிறமாகப் பிரித்து மேலே அனுப்பும். என் மடிக்கணினியில் ஆழத்துக்கு ஆழம் கோடு வரையும். கோட்டைப் படித்து, இங்கே இருக்கிறது, இங்கே இல்லை என்று சொல்வது நான்.

பல ஊர்களில் சொல்லியிருக்கிறேன். எவனெவனோ முறைத்திருக்கிறான். ஒரு ஊரில் லாரியை மறித்து உட்கார்ந்திருக்கிறார்கள். எதற்கும் அசந்ததில்லை. என் கோடு பொய் சொல்லாது என்று இருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் எங்கள் ஊருக்கே வேலை வந்தது.

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகிற ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க். அதன் பின்சுவரை ஒட்டி ஒரு தெரு. தெருவின் ஒரு வரிசை வீடுகளுக்குப் பின்னால் பங்க் சுவர். எதிர் வரிசைக்குப் பின்னால் கரிசல் காடு. அந்த எதிர் வரிசையில்தான் என் அக்கா வீடு. அம்மா அப்பா போன பிறகு எனக்குத் தாய்வீடு என்றால் அதுதான். துணி மூட்டையோடு போய் இறங்கினால் ஏன் வந்தாய், எப்போது போவாய் என்று கேட்காத வீடு.

முதலில் நாற்றம் கண்டுபிடித்தது அக்காவுக்கு நேர் எதிர்வீட்டு மைனி. மைனி என்றால் மதினி. சொந்தம் ஒன்றும் இல்லை, தெருவில் எல்லாரும் அவளை மைனி என்போம், நானும் அப்படியே. ஒருநாள் குடத்தில் தண்ணீருக்கு மேல் வானவில் மாதிரி ஒரு படலம் மிதந்திருக்கிறது. அன்றைக்கு வடித்த சோற்றை யாராலும் வாயில் வைக்க முடியவில்லை. ஒரு மாதத்துக்குள் அந்த வரிசையில் இருந்த நாலு கிணறும் நாறிப்போனது. தெருவே திரண்டு போய்ச் சத்தம் போட்டது. அதிகாரிகள் வந்தார்கள், பங்க்கைத் தோண்டினார்கள், மண்ணுக்குள் புதைத்த டீசல் தொட்டி எப்போதோ ஓட்டை விழுந்து கிடந்தது. பங்க்கை மூடினார்கள். கசிந்தது எதுவரை போயிருக்கிறது என்று பார்க்கச் சொல்லி எங்கள் கம்பெனிக்கு உத்தரவு வந்தது.

எங்கள் குழுவுக்கு மூத்தவர் ஒரு மண்ணியல்காரர். சென்னைக்காரர், நான் சார் என்று கூப்பிடுகிறவர். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் இல்லை. "அந்தத் தெருவுல எங்க அக்கா வீடு இருக்கு சார்" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "நல்லதாப் போச்சு. ஊர்க்காரங்க ஒருத்தர் இருந்தா ஜனங்க கோவப்பட மாட்டாங்க" என்றார். நானும் சந்தோஷமாகக் கிளம்பினேன். அப்போதே வேறு ஆளை அனுப்பச் சொல்லியிருக்க வேண்டும். புத்தி வரவில்லை.

வைகாசி வெயில். லாரியைப் பங்க் பக்கத்து வரிசையில் நிறுத்தி வேலையைத் தொடங்கினோம். மைனி வீட்டுக் கொல்லையில் குழாய் இறங்கியது. கரிசலைத் தாண்டினதும் கோடு துள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் முட்டியது. டீசல்தான். கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். மைனி இடுப்பில் கை வைத்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"என்ன சொல்லுது ஒன் மெஷினு?"

"இந்தக் கெணத்த இனி தொடக்கூடாது மைனி. குடிக்க மட்டுமில்ல. துணி தொவைக்க, கை கழுவக்கூட ஆவாது."

"பொறவு என்னத்தக் குடிக்க? ஒன் மெஷினப் புழிஞ்சு குடிக்கவா?"

"இருக்கதச் சொல்லுதேன். எனக்கு என்ன ஒங்க கெணத்து மேல பகையா?" என்று வெடுக்கென்று கேட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தக் கிணற்றை நம்பி இருந்தவள். குழாய்த் தண்ணீர் அந்தத் தெருவுக்கு வாரத்தில் ஒரு தடவை வந்தால் யோகம். அன்று சாயங்காலமே நாலு கிணற்றுக்கும் தகரம் போட்டு மூடிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் அக்கா வீட்டு வரிசை. அந்த வரிசையில் கிணறு இருக்கிற வீடு அக்கா வீடு ஒன்றுதான். காலையில் நான் அங்கே பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அக்கா பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏட்டி, எம் மவளுக்கு ஏழு மாசம் முடியப் போவுது. வளைகாப்புப் போட்டு அடுத்த வாரம் கூட்டிட்டு வாரோம்."

"தெரியுமேக்கா."

"தலப்பேறு. இங்கனதான் பெத்து எந்திரிக்கணும். மூணு மாசம், அஞ்சு மாசம் இந்தத் தண்ணிலதான் அவளும் அவ புள்ளையும் குளிக்கணும் குடிக்கணும். நம்ம கெணறு எப்படின்னு இன்னைக்குப் பாத்துச் சொல்லிரு. கெட்டதுன்னா கெட்டதுன்னு சொல்லு. அவ மாமியார் வீட்டுலயே இருக்கட்டும்."

கடைசி வரியைச் சொல்லும்போது கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரே மகள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டி வரவில்லை என்றால் ஊர் என்ன பேசும் என்பது ஒரு பக்கம். மகளை விட்டு இருக்க முடியாது என்பது இன்னொரு பக்கம். எனக்கும் அந்தப் பிள்ளை என் பிள்ளைதான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. சித்தி சித்தி என்று என் முந்தானையைப் பிடித்துத் திரிந்தவள்.

கொல்லையில் கிணற்றுக்குப் பத்தடி தள்ளிக் குழாயை இறக்கினோம். கரிசலில் கோடு சும்மா கிடந்தது. எனக்கு மூச்சு வந்தது. ஓர் ஆள் ஆழம் தாண்டினதும் லேசாக எழும்பியது. மைனி வீட்டில் துள்ளின மாதிரி இல்லை. ஒரு மேடு, அவ்வளவுதான். கொஞ்சம் எழும்பி, கொஞ்சம் அப்படியே ஓடி, பிறகு அடங்கியது.

சார் குனிந்து பார்த்தார். "இங்கயும் ஏதோ வருதேம்மா?"

"சுக்கான் சார்" என்றேன். யோசிக்கவே இல்லை. வாயிலிருந்து வந்துவிட்டது.

"அப்படின்னா?"

"சுண்ணாம்புக் கட்டி சார். எங்க பக்கம் கரிசலுக்கு அடியில எங்க தோண்டினாலும் வெள்ள வெள்ளயா வரும். ஊதா வெளிச்சத்துக்கு அதுவும் லேசா மினுங்கும்ல?"

அது பொய் இல்லை. சுக்கான் மினுங்கத்தான் செய்யும். அந்த ஆழத்தில் அங்கே சுக்கான் இருந்ததும் உண்மை. எங்கள் ஊரில் கிணறு வெட்டினாலும் கக்கூஸ் குழி வெட்டினாலும் முதலில் கரிசல், பிறகு சுக்கான், பிறகு பாறை. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சென்னைக்காரருக்கு அந்தப் பெயர் தெரியாது, எனக்குத் தெரியும். அந்த மெத்தனம்தான்.

அவர் சட்டென்று விடவில்லை. "மினுக்கத்தோட உயரத்தை மட்டும் பாக்காத. எந்த நிறத்துல வருது, எவ்வளவு சீக்கிரம் அணையுது, அதையும் பாரு. சந்தேகம்னா பக்கத்துல குழாய் இறக்கி மண்ணை மேல எடுத்துப் பாத்துடலாமா? அரை நாள்தானே?"

அரை நாள். அக்கா அடுப்படி வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு சார்? நான் இந்த மண்ணுல புரண்டு வளந்தவ. சுக்கானத் தெரியாதா எனக்கு?" என்றேன்.

அவர் என்னை நம்பினார். கிணற்றுத் தண்ணீரையும் போத்தலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினோம். சுத்தம் என்று வந்தது. எங்கள் வரைபடத்தில் கசிவின் எல்லைக் கோட்டை அக்கா வீட்டுக்கு முன்னால், தெருவோடு நிறுத்தினேன். என் கையால் வரைந்த கோடு அது.

"நெசமாத்தான் சொல்லுதியாட்டி?" என்று அக்கா இரண்டு கையாலும் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு லாரிக்காரர்கள் வரை எல்லாருக்கும் பாயசத்தோடு சோறு. நான் சாப்பிட்டு முடிப்பதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நான் லீவு போட்டு வந்தேன். தபசு என்றால் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பத்துப் பேர் விருந்தாள் இருப்பார்கள். தெருவில் இறங்கினால் பச்சை ரப்பர்க் குழாய்கள். எல்லாம் அக்கா வீட்டுக் கொல்லையிலிருந்து கிளம்பித் தெருவைக் கடந்து எதிர் வரிசை வீடுகளுக்குப் போயின. காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் மோட்டார் ஓடுகிறது என்றார் அத்தான். முன்பெல்லாம் அந்தக் கிணற்றில் ஒரு நாளைக்குப் பத்துக் குடம் எடுத்தால் அதிகம்.

"எல்லாரும் நம்ம கெணத்துலதான் எடுக்காவ" என்றாள் அக்கா. குரலில் அப்படி ஒரு பெருமை. "எங்க தங்கச்சி மெஷின் வச்சுப் பாத்துச் சொன்ன கெணறு, தாராளமா எடுங்கன்னு சொல்லிட்டேன். தண்ணிக்கு எல்ல போடலாமா?"

மைனியும் குடத்தோடு நின்றாள். என் மேல் இருந்த வருத்தம் போயிருந்தது. "தங்கச்சி, நீ மட்டும் இல்லேன்னா நாங்க இந்தத் தபசுக்குச் செத்திருப்போம்" என்றாள்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நான் படித்த படிப்பு என் தெருவுக்குத் தண்ணீர் கொடுக்கிறது என்று நினைத்தேன். ஒரு கிணற்றில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் சுற்றி இருக்கிற தண்ணீர் அதை நோக்கி வரும், தண்ணீரோடு மண்ணில் கிடக்கிற எண்ணெயும் வரும். இது எங்கள் வேலையில் முதல் வாரத்தில் சொல்லித் தருகிற பாடம். நானே எத்தனையோ பேருக்குப் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். அந்தக் குழாய்களை ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன், வந்தேன். அந்தப் பாடம் எனக்கு ஞாபகம் வரவில்லை.

ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது. பதினாறாம் நாள் பார்க்கப் போனேன். அக்கா மணையில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் குப்புறப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரை முதுகில் ஊற்றினாள். அது கத்தின கத்தல் தெருமுனை வரை கேட்டது. "கத்துட்டீ, கத்து. நம்ம வீட்டுத் தண்ணி ஒடம்புல படட்டும்" என்றாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு செம்பு எடுத்துக் கொடுத்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நான் அப்போது அரியலூர்ப் பக்கம் வேறொரு வேலையில் இருந்தேன். அக்கா போன் பண்ணினாள்.

"தண்ணியில லேசா மண்ணெண்ண வாட அடிக்க மாரி இருக்குட்டி. அடிக்கவும் செய்யுது, இல்லாமலும் இருக்கு."

"மோட்டார்ல ஆயில் ஒழுகும். அத்தானப் பாக்கச் சொல்லு."

"பாத்தாவ. ஒழுகலங்காவ."

"மழைத் தண்ணி ரோட்டுலருந்து வழிஞ்சு வந்திருக்கும்கா. சும்மா போட்டு மனச அலட்டாத. பாத்துத்தானே சொன்னேன்" என்று எரிந்து விழுந்தேன். வேலை நேரத்தில் கூப்பிட்டாள் என்று கோபம் வேறு.

இன்னும் ஒரு வாரம் கழித்துப் பேசும்போது, தெருவில் பெண்களுக்குக் கையெல்லாம் அரிப்பு என்றாள். கோயில் புற்றுமண் வாங்கி வந்து குழைத்துப் பூசுகிறார்களாம். பிள்ளைக்கும் கழுத்து மடிப்பில் செக்கச் செவேல் என்று இருக்கிறது, டாக்டரிடம் காட்டி மருந்து போடுகிறோம் என்றாள். எந்தத் தண்ணீரில் புற்றுமண்ணைக் குழைக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

கார்த்திகை தொடக்கத்தில் ஒருநாள், அரியலூர் வேலையில், டீசலே இல்லாத வெறும் சுண்ணாம்பு பூமியில் குழாய் இறங்கியது. திரையில் கோடு லேசாக எழும்பியது. நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மினுக்கம் நாலு நிறத்திலும் சோம்பலாக, மெதுவாக அணைந்தது. டீசல் அப்படி அணையாது, சட்டென்று எழும்பிச் சட்டென்று விழும். சுண்ணாம்பு மட்டும் இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மடிக்கணினியில் அக்கா வீட்டுக் கொல்லையின் பதிவைத் திறந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அங்கே சுண்ணாம்பின் மெதுவான வடிவம் அடியில் இருந்தது. அதன் மேல் இன்னொரு வடிவம் ஏறி உட்கார்ந்திருந்தது. சட்டென்று எழும்பி, சட்டென்று விழுகிற வடிவம். மைனி வீட்டில் பார்த்த அதே வடிவம், அளவு குறைவு, அவ்வளவுதான். மறைந்தெல்லாம் இருக்கவில்லை. அன்றைக்கும் அதே திரையில் அதே இடத்தில்தான் இருந்தது. கண் உள்ள எவளுக்கும் தெரிந்திருக்கும். அது என் அக்கா வீடாக இல்லாமல் இருந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும்.

சாரிடம் போய்க் காட்டினேன். நாலு நிறத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "மண்ணை எடுத்துப் பாக்கலாமான்னு அன்னைக்கே கேட்டேனேம்மா" என்றார். திட்டவில்லை. ஆபீசுக்குப் போன் போட எழுந்து போனார். நான் அக்காவுக்குப் போன் போட்டேன். மணி அடித்ததுமே கட் பண்ணிவிட்டேன். போனில் சொல்லுகிற விஷயமா இது? அப்படியே பஸ் ஏறினேன். திருச்சி, மதுரை, ராஜபாளையம் என்று மாறி மாறி வந்து சேரும்போது விடிந்து வெயில் ஏறியிருந்தது.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கொல்லையில் ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அக்கா தோளில் பிள்ளையைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் யாரிடமும் பேசாமல் நேரே போய் மோட்டார் சுவிட்சை அணைத்தேன்.

"என்னட்டி, வந்ததும் வராததுமா? கோட்டி புடிச்சிருக்கா?" என்றாள் அக்கா.

"இந்தத் தண்ணிய யாரும் எடுக்காதீங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "இதுலயும் டீசல் இருக்கு. மண்ணுல அன்னைக்கே இருந்துச்சு. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

ரப்பர்க் குழாயில் மிச்சமிருந்த தண்ணீர் குடத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"அன்னைக்குச் சுக்கான்னு சொன்ன?" என்றாள் அக்கா.

"சுக்கானும் இருக்குக்கா. அதோட டீசலும் இருக்கு. நான் பாக்கல."

"தண்ணிய சோதிச்சுப் பாத்து நல்லாருக்குன்னு வந்துச்சே?"

"அப்ப கெணத்துக்குள்ள வரல. பத்தடி தள்ளிக் கெடந்துச்சு. இவ்வளவு பேரும் எறைக்க எறைக்க இங்கன வந்துட்டு. மழையும் பேஞ்சு இழுத்துட்டு வந்துட்டு."

"அப்ப நாங்க எறைச்சதுதான் தப்பா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"இல்ல. எறைக்கலாம்னு நான் சொன்னதுதான் தப்பு."

அக்கா பிள்ளையைத் தட்டுவதை நிறுத்தினாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "தெரியாமச் சொன்னியா? இல்ல, எனக்காவச் சொன்னியா?"

தெரியாமல்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. "தெரியலக்கா" என்றேன். "நீ அங்கன நின்னு பாத்துட்டு இருந்த. புள்ளய கூட்டிட்டு வரணும்னு நெனச்சேன்."

"கெட்டதுன்னா கெட்டதுன்னு சொல்லுன்னுதான்ட்டி ஒன்கிட்ட சொன்னேன்" என்றாள். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். சத்தமே இல்லாமல் சொன்னாள். அவள் மகள் அடுப்படியிலிருந்து வந்து, அவள் தோளிலிருந்து பிள்ளையை வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். சித்தி என்று கூப்பிடவில்லை. அன்று மத்தியானமே மாமியார் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். பிள்ளையின் கழுத்தில் இருந்த சிவப்பு பிறகு ஆறிவிட்டது. அது தண்ணீரால் வந்ததா, வேர்வையால் வந்ததா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. உள்ளுக்குள் என்ன போயிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. என் சென்சார் மண்ணைத்தான் பார்க்கும்.

பெண்கள் ஒவ்வொருவராகக் குடத்தைச் சாய்க்க ஆரம்பித்தார்கள். "கெணத்துப் பக்கத்துல கொட்டாதீங்க" என்றேன். "பொறவு எங்கன கொட்ட?" என்று ஒருத்தி கேட்டுவிட்டு அங்கேயே கொட்டினாள். நாலு நாக்கு என்னைக் கிழிக்கும் என்று எதிர்பார்த்து நின்றேன். முக்கியமாக மைனி. அவள் வாய்க்குத் தெருவே பயப்படும். அவள் மட்டும் குடத்தைக் கொட்டாமல், இடுப்பிலிருந்து இறக்கவும் செய்யாமல் நின்றாள்.

"எங்க கெணத்துக்குச் சரியாத்தான சொன்ன?" என்றாள்.

"ஆமா மைனி."

"அதான் நம்புனோம். எங்க கெணறு கெட்டுப் போச்சுன்னு எங்க மூஞ்சிக்கு நேரா சொன்னவ, இதுக்கு மட்டும் பொய்யா சொல்லப் போறான்னு இருந்தோம்." பிறகு தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "எங்க வெள்ளாடு நாலு நாளா இந்தத் தண்ணிய மோந்துட்டு மொகத்தத் திருப்பிட்டுப் போவுது தங்கச்சி. சவத்துக்குக் கொழுப்புன்னு நெனச்சேன். வாயப் புடிச்சு வாளிக்குள்ள அமுக்கினேன். குடிக்கல. மெஷின் வச்சுப் பாத்த தண்ணி, அவளே சொல்லிட்டா, ஒனக்கு என்ன கேடுன்னு சொல்லிச் சொல்லி, கம்பால அடிச்சுல்ல குடிக்க வச்சேன்."